மேலத்தெருவார் உரிமம் சரிபார்த்த கதை

அன்று காலை இசக்கியம்மாள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. மேலத்தெரு நலச் சங்கத்தின் தலைவர் கோமதிநாயகம் இருந்தார். கூட்டுறவுப் பண்டகசாலையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் எடை போட்டு ஓய்வுபெற்றவர். எதையும் இருமுறை மனத்தில் நிறுத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் முறை தவறாகச் சொல்வார். செயலாளர் சிவனணைஞ்சான் இருந்தார். பெரிய எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படிப்பார். சிறிய எழுத்தைப் படிப்பதில்லை. உறுப்பினர் வடிவம்மாள் இருந்தார். எந்தக் கூட்டத்திலும் முதல் சந்தேகம் அவருடையதுதான். உறுப்பினர் பேச்சிமுத்து இருந்தார். பிடி என்றால் பிடிப்பார். விடு என்று சொல்லும்வரை விடமாட்டார். வீட்டுக்காரி இசக்கியம்மாள் இருந்தார், ஆனால் அவர் சங்கத்தில் உறுப்பினர் அல்லர். இவர்களைத் தவிர, மூலையில் கம்பளி சுற்றிய ஒரு தெர்மோகோல் பெட்டிக்குள் அறுபது காடை முட்டைகள் இருந்தன.

காடை முட்டை பொரிக்கப் பதினேழு நாள் ஆகும். அன்று பதினேழாம் நாள். கணவர் காலமான பிறகு இசக்கியம்மாள் தாமே கற்றுக்கொண்டு, தாமே பெட்டி செய்து, அதற்குள் பல்பு மாட்டி வைத்த முதல் ஈடு அது. பல்பின் சூடு நின்றுவிட்டால் முட்டைக்குள் இருப்பவையும் நின்றுவிடும். காலை ஆறு மணிக்கு அவர் வீட்டு சுவிட்ச் போர்டிலிருந்து புகை வந்தது. குளியலறைக் குழாயைத் தொட்டபோது ஷாக் அடித்தது. உடனே மெயினை அணைத்தார். பெட்டியைக் கம்பளியால் சுற்றினார். டவுனில் இருக்கும் வயர்மேன் திரவியத்துக்குப் போன் செய்தார். அன்று மேலத்தெருவில் அறிவோடு நடந்த காரியங்கள் அத்துடன் முடிந்தன.

வயர்மேன் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் சங்கம் கூடிவிட்டது. சங்கத்துக்கு ஒரு பழைய கசப்பு உண்டு. இரண்டு மாதங்களுக்கு முன் தோளில் பையோடு ஒருவன் வந்து, தான் எலக்ட்ரீஷியன் என்றான். பை இருந்ததால் நம்பினார்கள். தெருவில் பாதி வீடுகளின் வயரை அவன் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். மறுநாளிலிருந்து கோமதிநாயகம் வீட்டு அழைப்பு மணியை அழுத்தினால் எதிரே வடிவம்மாள் வீட்டு மிக்சி ஓடியது. விருந்தாளி வரும்போதே சட்னி அரைபடுவது நல்ல ஏற்பாடு என்று ஒரு மாதம் வரை அதைப் பாராட்டினார்கள். அடுத்த மாதம் கூரியர் கொண்டுவந்தவர் மணியிலிருந்து விரலை எடுக்காமல் நின்றதில் மிக்சி எரிந்துபோயிற்று. அதன்பிறகே செயலாளர் மின் அலுவலகத்துக்குப் போய், பாதுகாப்பு அறிவிப்புத் தாள் ஒன்றை வாங்கி வந்தார். அதை அவர் இப்போது எழுந்து நின்று படித்தார்.

“‘உரிமம் இல்லாத எவரையும் வீட்டிற்குள் அனுமதிக்காதீர்கள். உரிமத்தை வாங்கிப் படமும் முகமும் ஒன்றாக உள்ளனவா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் உடனே வெளியே அனுப்புங்கள்.’ அவ்வளவுதான் அண்ணாச்சி.”

தாளின் உச்சியில், ‘வீடுகளுக்கு மின்வேலை செய்ய வருவோரைப் பற்றியது’ என்று ஒரு வரி இருந்தது. அது சிறிய எழுத்தில் இருந்தது.

கோமதிநாயகம் கண்ணை மூடி அந்த வாசகங்களை நிறுத்துப் பார்த்தார். “சரி. இப்போ நம்மள்ல யார்யார்ட்ட லைசென்ஸ் இருக்கு?”

“ரேஷன் கார்டு இருக்கு,” என்றார் பேச்சிமுத்து.

“அதைக் காட்டினா அரிசி தருவான். வீட்டுக்குள்ள விடுவானா?”

“லைசென்ஸ் இல்லாம நாம இப்போ எங்க இருக்கோம்னு ஒரு சந்தேகம் வருதே,” என்றார் வடிவம்மாள்.

“உள்ளதான் இருக்கோம்,” என்றார் தலைவர். சொல்லி முடித்த பிறகுதான் அதன் பொருள் அவருக்கே உறைத்தது. நால்வரும் செருப்பைக்கூட மாட்டாமல் தெருவுக்கு வந்துவிட்டார்கள். இசக்கியம்மாள் நகரவில்லை.

“இசக்கி, நீயும் வந்துரு.”

“அண்ணாச்சி, இது என் வீடு. வீட்டுத் தீர்வை நான்தான் கட்டுதேன்.”

“வீடு உன்னதுதாம்மா, யாரு இல்லைன்னா? ‘எவரையும்’னு போட்டிருக்கான் பாரு. வீட்டுக்காரியைத் தவிரன்னு போடலையே.”

“உள்ள முட்டை இருக்கு. இன்னைக்குப் பொரிக்கிற நாளு.”

“முட்டை இருந்துட்டுப் போகட்டும். அது ‘எவர்’ல சேராது.”

இசக்கியம்மாள் மேலும் வாதாடியிருப்பார். ஆனால் வயர்மேன் வரும் நேரத்தில் வாசலில் சண்டை நடந்தால் அவர் திரும்பிப் போய்விடுவார் என்று அஞ்சி, வெளியே வந்து சுற்றுச்சுவரின்மேல் உட்கார்ந்தார்.

செய்தி தெரு முழுவதும் பரவியது. சட்டம் எல்லா வீட்டுக்கும் பொது அல்லவா? எட்டு மணிக்குள் பதினோரு வீடுகளும் காலியாயின. ஒருவர் பாதி முகச் சவரத்தோடு நின்றார். இன்னொருவர் தலையில் சீயக்காயோடு நின்றார். வடிவம்மாள் மட்டும் தம் வீட்டையே எட்டி எட்டிப் பார்த்தார்.

“என்னக்கா?” என்றார் செயலாளர்.

“பால் அடுப்புல இருக்கு.”

“அது வீட்டுக்குள்ளதானே இருக்கு? பத்திரமா இருக்கும்.”

எட்டரை மணிக்கு வயர்மேன் திரவியம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிய, அடர்த்தியான மீசை வைத்த, பொறுமையான மனிதர். தெருவில் நின்ற கூட்டத்தைப் பார்த்து ஏதோ துக்க வீடு என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார். கேட்காமலே சட்டைப் பையிலிருந்து உரிமத்தை எடுத்து நீட்டினார். வழக்கமாக அதை யாரும் பார்ப்பதில்லை. ஆகவே தலைவர் அதை இரண்டு கையாலும் வாங்கியபோது அவருக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. தலைவர் படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். “முகம் சரி. கழுத்து சரி. தோள் சரி. செயலாளரே, இதுக்குக் கீழ?”

“படம் மார்போட முடிஞ்சுட்டு அண்ணாச்சி.”

“அப்போ மார்புக்குக் கீழ இருக்கிறது இவர்தான்னு என்ன சாட்சி?”

திரவியம் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“எல்லார் கார்டும் இப்படித்தான் ஐயா இருக்கும்.”

“இருக்கும். மேல்பாதி மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. கீழ்ப்பாதிதான் சந்தேகத்துல நிக்குது. சந்தேகம் இருந்தா வெளியே அனுப்பச் சொல்லியிருக்கு.”

நெடுநேர ஆலோசனைக்குப் பிறகு ஒரு முடிவு ஏற்பட்டது. உறுதியான பாதி உள்ளே போகலாம். உறுதியாகாத பாதி வெளியே நிற்க வேண்டும். அதன்படி திரவியம் முன்னறை ஜன்னல் வழியாக இடுப்பளவு உள்ளே நுழைக்கப்பட்டார். கம்பி இல்லாத பழைய ஜன்னல். வேலைக்கு வசதியாக அமைந்தது. கால்கள் ஓடிவிடாதபடி பேச்சிமுத்து அவற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“போர்டு தெரியுதா தம்பி?”

“தெரியுது. எதிர்ச் சுவத்துல இருக்கு. எட்டாது.”

“கையை நல்லா நீட்டிப் பாரும்.”

“பத்தடி தூரம் ஐயா. நடந்துதான் போகணும். நடக்கக் காலு வேணும்.”

“அந்தக் காலைத்தானே விசாரிக்கோம்,” என்றார் பேச்சிமுத்து பிடியைத் தளர்த்தாமல்.

சுவரின்மேல் இருந்த இசக்கியம்மாள், “அவரு காலை அடையாளம் தெரிஞ்சவங்க யாரையாவது கேளுங்களேன்,” என்றார். வேறு வழி காணாமல் கூறியதுதான். ஆனால் தலைவருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. ஜன்னலுக்குள் தொங்கிய திரவியத்திடம் எண்ணை வாங்கி, அவர் மனைவி செல்லத்தாயைப் போனில் அழைத்தார்கள். தெருவே கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்கள்.

“அம்மா, மேலத்தெருவுல இருந்து பேசுதோம். உங்க வீட்டுக்காரரோட கீழ்ப்பாதி எங்ககிட்ட இருக்கு. அது அவரோடதுதானான்னு தெரியணும்.”

மறுமுனையில் செல்லத்தாய் பேசிய சொற்களில் பாதியை எழுதுவதற்கில்லை. ஜன்னலுக்குள்ளிருந்து திரவியம் உரக்க விளக்கம் சொன்ன பிறகு அந்தம்மாள் ஆறி, வலது முழங்காலுக்குக் கீழே ஏணியிலிருந்து விழுந்த தழும்பு உண்டு என்று தெரிவித்தார். பேச்சிமுத்து பார்த்தார். தழும்பு இருந்தது.

“விடும்,” என்றார் தலைவர். பேச்சிமுத்து விட்டார். திரவியம் தலைகுப்புற உள்ளே விழுந்து, இவ்வாறாக முழுமையாக அனுமதிக்கப்பட்டார். உரிமம் மட்டும் தலைவரிடமே இருந்தது; ஆள் உள்ளே இருக்கும்வரை அட்டை வெளியே இருப்பதுதான் பாதுகாப்பு என்றார்.

திரவியம் எழுந்து சுவிட்ச் போர்டைத் திறப்பதற்குள் ஜன்னலில் வடிவம்மாளின் முகம் தெரிந்தது. “தம்பி, லைசென்ஸ் உள்ள ஆளு இந்தத் தெருவிலேயே நீங்க ஒருத்தர்தான். எங்க வீட்டுக்குள்ள போயி அந்தப் பாலைக் கொஞ்சம் இறக்கி வச்சிட்டு வாங்க.”

போனார். பால் பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் வாடை வீசிக்கொண்டிருந்தது. சிலிண்டரை மூடிவிட்டுக் கதவுகளைத் திறந்து வைத்தார். திரும்பி வரும் வழியில் கோமதிநாயகத்தின் இரத்த அழுத்த மாத்திரை, சீயக்காய்க்காரருக்கு ஒரு குடம் தண்ணீர், பாதிச் சவரக்காரருக்கு மீதிச் சவரத்துக்கான கத்தி, யாரோ ஒரு கிழவரின் பல் செட் ஆகியவற்றையும் அவரே எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் செயலாளர் முன்னால் ஓடிப்போய் நின்று, “வரலாம், வரலாம், உரிமம் உள்ளவர்,” என்று அறிவித்தார்.

“எல்லாம் சரி,” என்றார் இசக்கியம்மாள், குரலை உயர்த்தாமல். “என் முட்டை ஆறுது.”

அதன்பிறகு திரவியம் யார் அழைத்தும் திரும்பவில்லை. சுவிட்ச் போர்டைத் திறந்து பார்த்தார். குழாயில் ஷாக் அடித்ததற்கும் புகை வந்ததற்கும் காரணம் உடனே தெரிந்தது. பை வைத்திருந்த அந்த ஆள், பூமிக்குள் இறங்க வேண்டிய எர்த் வயரைக் கொண்டுபோய்த் தண்ணீர்க் குழாயில் சுற்றியிருந்தான். போர்டுக்குள் இரண்டு வயரை முறுக்கி, டேப்புக்குப் பதிலாக ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். எல்லாவற்றையும் பிரித்து மாட்ட வேண்டும். இரண்டு மணி நேர வேலை. பெட்டியைத் திறந்து ஒரு முட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தவர், முட்டைகளை ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“கம்பளி மட்டும் பத்தாது. ரெண்டு மணி நேரம் உடம்புச் சூட்டுல வச்சுக் காப்பாத்துங்க. அசைக்காதீங்க.”

அந்த ஒரு கட்டளையை மேலத்தெருவார் பிழையில்லாமல் நிறைவேற்றினார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். முப்பது பேர், ஆளுக்கு இரண்டு முட்டை, அக்குளுக்கு ஒன்று. கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு தெரு முழுக்கத் தேசிய கீதத்துக்கு நிற்பவர்களைப் போல நின்றார்கள். ஈ உட்கார்ந்தால் ஊதினார்கள். ஒருவர் மூக்கு அரித்தால் அடுத்தவர் தோளில் தேய்த்துக்கொண்டார். இசக்கியம்மாள் தம் முட்டைகளை நம்பி ஒப்படைத்துவிட்டு, ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

பதினொன்றே கால் மணிக்கு வீட்டுக்குள் பல்பு எரிந்தது. திரவியம் குழாயைச் சோதனை செய்து பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தார். “முடிஞ்சது. முட்டையைக் கொண்டாந்து பெட்டிக்குள்ள வைங்க.”

ஒருவரும் அசையவில்லை. உரிமம் இல்லாமல் எப்படி உள்ளே போவது?

“இதுக்கு விதிவிலக்குக் குடுக்கலாமா வேண்டாமான்னு சங்கம்தான் முடிவு பண்ணணும்,” என்றார் தலைவர். “முட்டை வைக்கிற நேரம் மட்டும் உள்ள போகலாங்கிறது தீர்மானம். ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க.”

தெருவில் ஒரு கையும் எழவில்லை. எழுந்தால் முட்டை விழும்.

“ஒருத்தரும் ஆதரிக்கல,” என்று செயலாளர் வருத்தத்தோடு சொன்னார். “எதிர்க்கிறவங்க?”

அதற்கும் எழவில்லை.

“நான் ஆதரிக்கேன்,” என்று இசக்கியம்மாள் இரண்டு கையையும் தூக்கினார்.

“நீ உறுப்பினர் இல்லையேம்மா,” என்றார் செயலாளர். “ஆதரவு பூஜ்யம், எதிர்ப்பு பூஜ்யம். சரிக்குச் சரி. இந்த மாதிரி நேரத்துல தலைவர் ஓட்டுதான் தீர்ப்பு. அண்ணாச்சி, ஒரு பக்கம் கையைத் தூக்குங்க.”

கோமதிநாயகம் வலது அக்குளைப் பார்த்தார். இடது அக்குளைப் பார்த்தார். தம் பொதுவாழ்வில் இவ்வளவு நெருக்கடியான நிலை வந்ததில்லை என்று பிற்பாடு சொன்னார். “அடுத்த மாசக் கூட்டத்துல வச்சிக்கிடலாம்,” என்றார்.

திரவியம் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு தாமே தெருவில் இறங்கினார். ஒவ்வொருவர் அக்குளிலும் கைவிட்டு முட்டைகளை எடுத்தார். கூச்சத்தில் இருவர் நெளிந்தார்கள். பேச்சிமுத்து அவர்களைப் பிடித்துக்கொண்டார். அறுபதும் உடையாமல் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தன. இசக்கியம்மாள் முகம் அன்று முதல்முறையாக மலர்ந்தது.

“அப்போ என் கார்டைக் குடுங்க ஐயா, கிளம்புதேன்,” என்றார் திரவியம் வாசலுக்குள் நின்றபடி.

“எப்படித் தம்பி கிளம்புவீரு?” என்றார் தலைவர் அன்போடு. “வேலையா வெளியே வந்துட்டுப் போனது வேற. சந்தேகம் இருந்தாத்தான் வெளியே அனுப்பச் சொல்லியிருக்கு. உம்ம மேல எங்களுக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாதே.”

“நம்பிக்கை இருந்தா நல்லதுதானே?”

“ரொம்ப நல்லது. ஆனா அனுப்ப வழியில்லை.”

“நான் திருடன்னு வச்சிக்கிடுங்களேன்.”

“கேட்டீங்களா?” என்று தலைவர் தெருவாரைத் திரும்பிப் பார்த்தார். “இந்த அடக்கம் லைசென்ஸ் உள்ளவங்ககிட்டத்தான் இருக்கும்.”

செயலாளர் வடிவம்மாளை நெருங்கினார். “அக்கா, நீங்க ஏதாச்சும் சந்தேகப்பட்டுப் பாருங்களேன். பாவம், வீட்டுக்குப் போகணும்ங்காரு.”

வடிவம்மாள் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். “பாலை இறக்கி வச்சவரை எப்படிய்யா சந்தேகப்படுவேன்? வேணும்னா அவரு செஞ்ச வேலையைச் சந்தேகப்படலாம். அப்படின்னா வயரையெல்லாம் திரும்பப் பிடுங்கணும்.”

“பிடுங்கிப் பாருங்க,” என்று இசக்கியம்மாள் எழுந்து நின்றார். அந்த யோசனை கைவிடப்பட்டது.

ஆகவே திரவியம் நிரந்தரமாக உள்ளேயே தங்குவது என்றும், வீட்டுக்கு இரண்டு நாளாக முறை வைத்துச் சாப்பாட்டை ஜன்னல் வழியாகக் கொடுப்பது என்றும் பேச்சு போயிற்று. செல்லத்தாயையும் அழைத்துக்கொள்ளலாம், ஆனால் அவரிடம் உரிமம் உண்டா என்று ஒருவர் கேட்டார். உடனே கூட்டம் இரண்டாகப் பிரிந்து கணவனையும் மனைவியையும் பற்றி வாதாடத் தொடங்கியது.

அப்போது பெட்டிக்குள்ளிருந்து கீச்சென்று ஓர் ஒலி வந்தது. பிறகு இன்னொன்று. இசக்கியம்மாள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சுற்றுச்சுவரை ஒட்டியே நடந்து, கொல்லைப்புறக் கதவைத் திறந்து, தம் வீட்டுக்குள் போனார். பெட்டியின் முன்னால் மண்டியிட்டார். அவர் வந்த கதவு திறந்தே கிடந்ததைக் கண்ட திரவியம், பையை எடுத்துக்கொண்டு அதன் வழியாக வெளியேறினார். ஆனால் உரிமம் இல்லாமல் அவர் தொழில் செய்ய முடியாது. ஆகவே சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு மறுபடி தெருவுக்கு வர வேண்டியிருந்தது.

அதற்குள் செயலாளர் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டார். “அண்ணாச்சி, உள்ள ஒரு ஆளு குனிஞ்சு உக்காந்திருக்கு.”

“திரவியம்தானே?”

“முகம் ஒரு மாதிரியா இருக்கு. சேலை கட்டியிருக்கு.”

தலைவர் உரிமத்தை எடுத்துப் படத்தைப் பார்த்தார். “மீசை இருக்கா?”

“இல்லை.”

தலைவர் நிறுத்துப் பார்த்தார். “உள்ள போனது யாரு?”

“திரவியம்.”

“வெளியே அனுப்பினோமா?”

“எங்க அனுப்பினோம்? அதைத்தானே பேசிக்கிட்டிருக்கோம்.”

“அப்போ உள்ள இருக்கிறது யாரு?”

செயலாளர் முகம் தெளிந்தது. “திரவியம்தான். ஆனா சேலை?”

“வேலை பாத்ததுல வேட்டி அழுக்காயிருக்கும். கைக்குக் கிடைச்சதைக் கட்டியிருப்பாரு. மீசையும் இடைஞ்சலா இருந்திருக்கும். அங்க சவரக் கத்தி எடுத்துட்டுப் போனதை நானே பாத்தேன்.”

திரவியம் சந்து முனையிலிருந்து வந்து தலைவர் முன்னால் நின்றார். “ஐயா, என் கார்டு.”

கோமதிநாயகம் அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தார். “நீரு யாரு?”

“திரவியம்.”

“திரவியம் உள்ள இருக்காரு. உம்மகிட்ட லைசென்ஸ் இருக்கா?”

“உங்க கையில இருக்கு.”

“இது உள்ள இருக்கிறவரோடது.”

“எனக்கு இப்போ ஒரு சந்தேகம் வந்துட்டு,” என்றார் வடிவம்மாள்.

ஜன்னலில் இசக்கியம்மாளின் முகம் தெரிந்தது. உள்ளங்கையில் ஈரம் காயாத ஒரு குஞ்சு இருந்தது. “அண்ணாச்சி, அந்த மனுசன்ட்ட அட்டையைக் குடுத்துருங்க. புண்ணியமாப் போகும்.”

“உமக்கு நல்ல மனசு திரவியம்,” என்று தலைவர் ஜன்னலைப் பார்த்து நெகிழ்ந்தார். “ஆனா உம்ம லைசென்ஸைக் கண்டவன் கையிலயும் குடுக்கக் கூடாது தம்பி. பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்கு.” பிறகு எதிரே நின்றவரிடம் திரும்பி, அறிவிப்பின் கடைசி வரியைச் செயலாளரைப் படிக்கச் சொன்னார். செயலாளர் நிறுத்தி நிதானமாகப் படித்தார்: சந்தேகம் இருந்தால் உடனே வெளியே அனுப்புங்கள்.

திரவியம் தலைவர் கையில் இருந்த தம் படத்தைப் பார்த்தார். ஜன்னலில் குஞ்சோடு நின்ற திரவியத்தைப் பார்த்தார். பிறகு பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, ஸ்கூட்டரையும் மறந்து, தெருவை விட்டு வெளியே நடந்தார்.